சுற்றும், பற்றாது: சிங்காநல்லூரில் நாலு நாள்

மலாயாவில் இருக்கும் ஈப்போவிலிருந்து கடல் தாண்டிக் கோயமுத்தூர் போய் என்ன பார்த்தாய் என்று இங்கே ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரு மோட்டார் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஹேண்டில் சுற்றுகிறவனுக்கு அதுதான் தெரியும். நீலகிரி தெரிந்ததா, மருதமலை தெரிந்ததா என்றால், தெரிந்துதான் இருக்கும். நான் குனிந்திருந்தேன்.

போன காரியம் சின்னது. எங்கள் தெருவில் குடியிருக்கும் ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவருக்குச் சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். தோட்டப் பத்திரத்தில் அந்த அண்ணனின் கையெழுத்து வேண்டும். தபாலை அவர் நம்ப மாட்டார், என்னை நம்பினார். ஆளைப் பார்த்து எடை போடத் தெரியாத மனிதர் என்பதற்கு இது ஒன்றே போதும். அவர் செய்த இன்னொரு காரியம், அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், "வருகிறவர் இங்கே மோட்டார்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம்" என்று எழுதியது. நான் மோட்டார்ச் சாமான் விற்கும் ஒரு சீனர் கடையில் தட்டெழுத்து அடிக்கிறவன். பதினோரு வருஷமாகப் பட்டியல் அடித்து அடித்து ஸ்பார்க் பிளக், காயில், கார்பரேட்டர், கேஸ்கட் என்று ஒரு வண்டியையே எழுத்துப் பிழையில்லாமல் சொல்லிவிடுவேன். எது எங்கே இருக்கும் என்பதுதான் தெரியாது.

நான் பிறந்ததும் ஈப்போதான். அப்பாவுக்குக் கும்பகோணம் பக்கம். எனக்குத் தெரிந்த தமிழ்நாடெல்லாம் அம்மாவின் வசவுகளில் வந்த அளவுக்குத்தான்.

போத்தனூரில் இறங்கியதும் காக்கிக் கோட்டு போட்ட உயரமான மனிதர் ஒருவர் வந்து கும்பிட்டார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு தெரிந்தது. நான் பார்க்க வந்த அண்ணனான கவுண்டரின் வீட்டு டிரைவர். பெயர் ஆரோக்கியம், ஊர் கருமத்தம்பட்டி. "ஏனுங்க, கப்பல்ல ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டுவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். என் மாமனார்கூட என்னை அப்படி விசாரித்ததில்லை.

வண்டி கறுப்பு அமெரிக்க வண்டி. வயது பத்துக்குக் குறையாது. மேலே கித்தான் கூரை, பக்கத்தில் ரப்பர்க் குண்டு வைத்த ஹாரன். அதைத் துடைத்து வைத்திருந்த அழகைப் பார்த்தால் வயது தெரியாது. நன்றாகத்தான் ஓடியது. சிங்காநல்லூர் ஏரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

ஆரோக்கியம் செல்ப் ஸ்டார்ட்டரை மிதித்தார். எஞ்சின் சுற்றியது. சோம்பல் இல்லாமல், வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி உற்சாகமாகவே சுற்றியது. ஆனால் பற்றவில்லை. கீழே இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அப்போதும் அப்படியே.

மில்லில் ஷிப்டு விட்டிருந்தார்கள் போலிருக்கிறது. தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். உலகத்தில் எந்த ஊரானாலும் நின்ற வண்டிக்கு வைத்தியர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். ஈப்போவில் இறங்கிக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தியம் சொல்வார்கள். இங்கே மரியாதையாகச் சொன்னார்கள்.

"வண்டி தண்ணி கேக்குதுங்க" என்றார் ஒருவர்.

"தண்ணியெல்லாம் இல்லீங்க, சூடு ஏறிப்போச்சு. சித்தே கெடக்கட்டும்" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று ஆரோக்கியத்தைக் கேட்டார். "மலாய்ல மோட்டார்க் கம்பெனியில பெரிய ஆளுங்க" என்றார் ஆரோக்கியம். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பிளக்கைக் கழட்டுங்க" என்று வந்துவிட்டது.

கழற்றினார். ஆரோக்கியம் வயரின் நுனியை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து என்னை ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். நீலமாகப் பொறி தெறித்தது. "நெருப்பு நல்லாத்தானுங்க வருது" என்றார். நான் பிளக்கை வாங்கி ஒரு தரம் ஊதி, என் மனைவி பூ வேலை செய்து கொடுத்த பட்டுக் கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை போனதுதான் மிச்சம். அவர் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, "எதுக்கும் பெட்ரோல் இருக்குதான்னு பாத்துப்போடலாமுங்களா?" என்று கேட்டார். கண்ணாடிக்கு முன்னால், நட்ட நடுவில் இருந்த டாங்கி மூடியைத் திருகி, ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மூடியைப் போட்டுவிட்டு ஏறி மிதித்தார். பற்றிக்கொண்டது.

பஞ்சுத் தலைகள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை. எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நமக்குத் தெரியுமோ என்று.

கவுண்டர் வீட்டு வாசலில் இறங்கியதும் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்றார்கள். ஒருவருக்குப் பதில் சொல்லாவிட்டாலும் குறை என்று தெரிந்ததால், ஒன்பது பேருக்கும் ஒன்பது தரம் தலையை ஆட்டினேன். கவுண்டர் ஐம்பது வயதுக் கனத்த மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். அவர் மிக மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் வீட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வேலையாகப் போய்விடுவதைப் பிறகு கவனித்தேன். வீட்டம்மாள் நாச்சம்மாள் மெலிந்தவர். அதிகம் பேசாதவர். ஆனால் இலையில் எது தீர்ந்தாலும் என் வயிற்றுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் சாப்பாடு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நெய், பக்கத்தில் கொள்ளுப் பருப்பு. ஈப்போவில் கொள்ளு பந்தயக் குதிரைகளுக்குப் போவது. இங்கே எனக்கு வந்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குதிரைகள் அத்தனை வேகமாக ஓடுவதில் ஆச்சரியமில்லை.

கை கழுவியதும் கவுண்டர் விஷயத்துக்கு வந்தார். பத்திரத்தை மறந்தே போனார்.

"ஏனுங் தம்பி, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இந்த வண்டி ஆறு மாசமா என் மானத்தை வாங்குது. கோயமுத்தூர்ல இருந்து ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. அவங்க பாக்கறப்ப ஓடும். நான் ஏறுனா நிக்கும். நாலு நாள் இருந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. தப்பு வண்டியிலயா, ஆள்லயா? வண்டின்னா எஞ்சினைக் கழட்டி இன்னொரு கிணத்து மேட்டுல வெச்சுத் தண்ணி எறைச்சுக்கறேன். ஆளுன்னா ஆளை ஊட்டுக்குத் தாட்டியுட்டர்றேன். நீங்க சொல்றதுதானுங்க முடிவு."

ஆரோக்கியம் கூப்பிடு தூரத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கை நிற்கவில்லை. சாயங்காலம் என் பெட்டியை அறைக்குக் கொண்டுவந்து வைத்தபோது மெதுவாகச் சொன்னார்: "ரெண்டுல எதுன்னாலும் நான் ஊட்டுக்குத்தானுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சம்சாரமும் நாலு குழந்தைகளும் உள்ளவனுடைய வேலையைத் தட்டெழுத்துக்காரன் வாயில் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொள்ளுப் பருப்பைச் சாப்பிட்டுவிட்டு அப்படிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை குளித்துவிட்டு வந்தால், நாச்சம்மாள் தட்டும் கையுமாக வண்டி முன்னால் நிற்கிறார். சாமி மாடத்தில் பூசை முடிந்ததும் மாட்டுக் கொட்டகை, கிணற்று எஞ்சின், அப்புறம் கார் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைப்பாராம். எனக்கும் திருநீறு கொடுத்தார். ஈப்போவில் என் முதலாளி கல்லாப் பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றுவார். எல்லா ஊரிலும் இரும்புக்குத்தான் முதல் மரியாதை.

அன்று கவுண்டரும் நானும் வக்கீலைப் பார்க்கக் கோயமுத்தூர் போனோம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று சில்லென்று வந்தது. எங்கள் ஊரில் மூக்கில் நுழைவது மழை ஈரம். இங்கே புழுதியும் பஞ்சும். பேச்சு முழுவதும் சிறுவாணித் தண்ணீரைப் பற்றித்தான். உலகத்திலேயே ருசியான தண்ணீர் என்று வழியில் ஐந்து பேர் சொன்னார்கள். ஐந்து பேரும் ஒரு செம்பு கொடுத்துக் குடிக்க வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அதற்காக எத்தனை தரம் முகத்தை மலர்த்துவது?

திரும்பும் வழியில், ஐந்தாவது செம்பின் விளைவாக நான் அவசரமாக வீடு சேர விரும்பிய நேரம் பார்த்து வண்டி நின்றது. ஆரோக்கியம் மிதித்தார். சுற்றியது, பற்றவில்லை. கவுண்டர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. வந்தது கவுண்டரின் பங்காளி ஒருவருடைய சவாரி வண்டி. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஏனுங் அண்ணா, நின்னு போச்சுங்களா? காளையைப் பூட்டி இழுத்துட்டுப் போகட்டுங்களா?"

இதைவிட மரியாதையாக ஒரு மனிதனைச் செருப்பால் அடிக்க முடியாது. கவுண்டர், "வேண்டாமுங்க. காத்து வாங்கலாம்னு நாங்களே நிறுத்தியிருக்கறமுங்க" என்றார். பங்காளி காற்றைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, நல்ல காற்றுதான் என்று ஒப்புக்கொண்டு போனார்.

நான் காயிலைத் துடைக்கச் சொன்னேன். ஆரோக்கியம் துடைத்தார். அப்புறம் வழக்கம்போல, "எதுக்கும் பெட்ரோலைப் பாத்துப்போடலாமுங்களா?" என்று குச்சியை எடுத்தார். மூடியைத் திருகினார், போட்டார், மிதித்தார். பற்றியது.

"காயிலுங்களா தம்பி?" என்றார் கவுண்டர்.

"காயில்தானுங்க" என்றேன். இரண்டு நாளில் எனக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டது.

"அப்ப வண்டிதான் தப்பு. கிணத்துக்கு அனுப்பிச்சர்லாமுங்களா?"

என் வாய் எனக்குச் சத்ரு. "அவசரப்படாதீங்க, இன்னும் பார்க்கணும்" என்று மென்று விழுங்கினேன். முன்சீட்டில் ஆரோக்கியத்தின் கழுத்து விறைப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் கருமத்தம்பட்டிக்குப் பயணம். அங்கே இருந்த கவுண்டரின் உறவினர் ஒருவர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கவுண்டர் வரவில்லை. அந்த வண்டியில் தான் இனி ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். எங்கள் ஊரில் இடியாப்பம் என்பதை இங்கே பெயர் மாற்றி, பக்கத்தில் ஆள் நின்று, வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் போடுவார்கள்.

ஊர் எல்லைக்கு வந்ததும் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. வண்டியும் நின்றது. ஆரோக்கியம் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. "ஊடு இங்க பக்கத்துலதானுங்க. வெய்யலா இருக்குது, உங்களுக்குக் குடிக்க மோரு வாங்கிட்டு வந்தர்றேன்" என்று நடந்தார்.

தனியாக இருந்தேன். எனக்குள் ஒரு வீரம் வந்தது. அவர் திரும்புவதற்குள் நாமே ஓட்டிக் காட்டிவிடலாம் என்று கோட்டைக் கழற்றினேன். பிளக்கை ஊதினேன். காயிலைத் துடைத்தேன். தெரிந்த பாகம், தெரியாத பாகம் எல்லாவற்றையும் துடைத்தேன். மிதித்தேன். ஹேண்டிலைச் சுற்றினேன், அது திருப்பி உதைத்தது. இறங்கி, ஈப்போவில் சீனர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பற்றவே இல்லை.

ஆரோக்கியம் மோருடன் வந்தார். என் கோலத்தைப் பார்த்தார். "பெட்ரோலைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மூடியில் கை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் பிளக், இரண்டாம் நாள் காயில். இரண்டு நாளும் கடைசியில் செய்தது அந்தக் குச்சி வேலைதான். நான் செய்யாததும் அது ஒன்றுதான். கிட்டப் போய் நின்று பார்த்தேன். மூடியைத் திருகியதும் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் நடுவில், காற்றுப் போவதற்காக ஒரு சின்னத் துளை இருந்தது என்பது உள்பக்கம் பார்த்தால் தெரிந்தது. வெளிப்பக்கம் பார்த்தால் சந்தனம், அதன் மேல் குங்குமம். தச்சன் அளவெடுத்து அடித்த ஆணி மாதிரி, சரியாக அந்தத் துளையின் மேல்.

காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் பெட்ரோல் கீழே எப்படி இறங்கும்? மேல்வாயை விரலால் அடைத்த குழாயில் தண்ணீர் நிற்பதுபோல் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்றுப் போகும், வண்டி ஓடும். மூடிவிட்டால் பத்து மைலில் மறுபடி நிற்கும். தட்டெழுத்துக்காரனுக்கே இது புரிந்தது.

"ஆரோக்கியம், இது உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"



"ஆயுத பூசை நோம்பி முடிஞ்ச மூணாம் நாளே தெரியுமுங்க. முன்னெல்லாம் அம்மணி முன்பக்கம் ரேடியேட்டர் மேலதான் பொட்டு வெப்பாங்க. போன ஆயுத பூசைக்கு அவுங்க அண்ணி வந்திருந்தாங்க. 'மூக்குல ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா, கண்ணாடிக்குக் கீழதான் வண்டிக்கு நெத்தி'ன்னு சொல்லிப்போட்டாங்க. அண்ணைக்கிருந்து நெத்தியிலதானுங்க."

"ஒரு ஊசியால் குத்திவிட்டால் போச்சே."

"குத்துனனுங்க. பொளுதோட அம்மணி பாத்துட்டாங்க, பொட்டுல ஓட்டையிருக்கறதை. ஒரு சொல்லு சொல்லலீங்க. மூணு நாளு எம் மொகத்தைப் பாக்கலை. நாலாம் நாள்லயிருந்து வெளக்கெண்ணெய் தொட்டு, ரெட்டைக் கனமா வெக்கறாங்க."

"மூடியை இறுக்காம வைக்கலாமே?"

"வாசம் வருதுன்னு கவுண்டரு திட்டறாருங்க."

"சரி, காரணத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே மனுஷா."

"நான் வேதக்காரனுங்க, மாதா கோயிலுக்குப் போறவன். 'அம்மணி, நீங்க வெக்கற பொட்டுனாலதான் வண்டி நிக்குது'ன்னு நான் சொன்னா, அது மோட்டார் விசயமாவா இருக்குமுங்க? வண்டி ஓட்டத் தெரியாதவன்னு பேரெடுத்தா இன்னொரு ஊட்ல வேலை கெடைக்கும். சுமங்கலி வெச்ச பொட்டை அழிச்சவன்னு பேரெடுத்தா எங்கீங்க கெடைக்கும்?" மோர்ச் செம்பை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "அம்மணி கெட்டவங்க இல்லீங்க. எம் பொண்டாட்டி பிள்ளைப்பேத்துல கெடந்தப்ப பத்து நாளு சோறாக்கி அனுப்பிச்சாங்க. அவுங்க மனசு நோக நான் பேசோணுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மோரை வாங்கி மடமடவென்று குடித்தேன்.

"நாளைக்குக் கவுண்டர் கேட்பாரே. என்ன சொல்லட்டும்?"

"ஆளு மேல தப்புன்னு சொல்லிப்போடுங்க. வண்டியாவது பொழைக்கட்டும். கிணத்து மேட்டுல ஒரே எடத்துல நின்னு அது கத்தறதை என்னால கேக்க முடியாதுங்க."

நாலாம் நாள் காலை நான் ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. இராத்திரி படுக்கும்போதே ஒரு நல்ல பொய் தயார் செய்து வைத்திருந்தேன்: இந்த மூடி பழைய மாதிரி, ஈப்போவிலிருந்து புதுமாதிரி மூடி அனுப்புகிறேன், அதுவரை மூடி இல்லாமல் துணி கட்டி ஓட்டுங்கள் என்று. யார் மனசும் நோகாது.

வாசலில் வண்டி நின்றது. அப்போதுதான் வைத்த பொட்டு ஈரமாக இருந்தது. நாச்சம்மாள் தட்டோடு ஓரமாக நின்றார்.

"சொல்லுங்க தம்பி. வண்டியா, ஆளா?" என்றார் கவுண்டர்.

பொய்யைச் சொன்னேன். பாதிதான் சொன்னேன். "மூடிக்கென்னங்க கொறை?" என்று கவுண்டர் குறுக்கே வந்தார்.

"காற்றுத் துளை அடைச்சிருக்குங்க."

"என்னத்துனால அடைச்சிருக்குது?"

 என் கண் அந்த மூடிக்குப் போய்விட்டது. கவுண்டரின் கண்ணும் போனது. அடுத்தபடியாக எல்லோரும் அந்தப் பொட்டைத்தான் பார்த்தோம். நாச்சம்மாளின் கையில் தட்டு அப்படியே இருந்தது.

கவுண்டர் திரும்பினார். "ஏனுங் ஆரோக்கியம்" என்றார். குரல் இறங்கி, மரியாதை ஏறிவிட்டது. "இது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியலீங்க" என்றார் ஆரோக்கியம்.

"ஏழு வருசமா ஓட்டறவருக்குத் தெரியலை. நாலு நாளைக்கு வந்த தம்பிக்குத் தெரியுது. அப்புறம் எனக்கெதுக்குங்க டிரைவரு? சாவியை வெச்சுப்போட்டுப் போங்க."

ஆரோக்கியம் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மேற்கொண்டு பொறுக்கவில்லை.

"அவருக்குத் தெரியுங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. நான் மோட்டார்ச் சாமான் கடையில டைப் அடிக்கிறவன். வண்டியைத் தொட்டதே இங்க வந்துதான். ஒவ்வொரு தரமும் ஓட வெச்சவர் அவர்தான்."

பதினோரு வருஷ உத்தியோகத்தை இத்தனை உரக்க நான் எங்கும் சொன்னதில்லை. கவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் பேசியது அவர் இல்லை, நாச்சம்மாள். நேராக ஆரோக்கியத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏஞ் சொல்லலை?"

ஆரோக்கியம் தரையைப் பார்த்தார். நாச்சம்மாள் அவருடைய கழுத்து உத்தரியத்தைப் பார்த்தார். தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"அண்ணைக்குப் பொட்டுல ஓட்டை போட்டது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"நான் வேற மாதிரி நெனச்சுப்போட்டேன்."

"தெரியுமுங்க அம்மணி."

"நான் என்ன சொல்றேன்னா..." என்று கவுண்டர் ஆரம்பித்தார்.

"நீங்க சித்தே சும்மா இருங்க" என்றார் நாச்சம்மாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கவுண்டரும் கேட்டிருக்க மாட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

செம்புத் தண்ணீரை ஊற்றி மூடியைத் தானே கழுவினார். நகத்தால் சுரண்டித் துளையைச் சுத்தம் செய்தார். தலைப்பால் துடைத்தார். அப்புறம் சந்தனத்தை மோதிர விரலில் தொட்டுக்கொண்டு, ஆரோக்கியத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க வெச்சா வண்டி ஓடும்? நீயே சொல்லு."

ஆரோக்கியம் கிட்ட வந்தார். வண்டியைத் தொடாமல் விரலால் காட்டினார். "கொஞ்சம் அக்கட்டங்க."

"இங்கியா?"

"இன்னும் சித்தே தள்ளிங்க. அங்கதானுங்க."

அங்கே வைத்தார். கவுண்டர் ஆரோக்கியத்தின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறி, தானே மிதித்தார். பற்றிக்கொண்டது. கொஞ்சநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார். ஆரோக்கியம் இன்னும் அதே இடத்தில் நின்றார்.

"நின்னுட்டே இருந்தா எப்படி? தம்பியை ரயிலேத்திப்போட்டு வெரசா வந்து சேரு. நாளைக்குப் பல்லடம் போகோணும்" என்றார் கவுண்டர். மரியாதை இறங்கிவிட்டது. வாசலில் நின்ற எல்லோருக்கும் மூச்சு வந்தது.

என்னிடம் அவர் கடைசியில் சொன்னது, "டைப் அடிக்கறதும் நல்ல வேலைதானுங்க" என்பது. அடித்தாரா, அணைத்தாரா என்று கப்பலில் எட்டு நாள் யோசித்தேன்.

போத்தனூர் ரோட்டில் வண்டி கண்ணும் கருத்துமாக ஓடியது. கொஞ்சதூரம் போனதும், "உங்களை ஏமாற்றிவிட்டேன், மன்னிக்கணும்" என்றேன்.

"மொதல் நாளே தெரியுமுங்க" என்றார் ஆரோக்கியம். "பிளக்கை ஊதுனீங்களே, பொறி வர்ற அடிப்பக்கத்தை உட்டுப்போட்டு மேல்பக்கத்தை ஊதுனீங்க."

 ரோட்டோரம் வாய்க்கால் ஒன்று வந்தது. ஆரோக்கியம் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். எனக்குத் திக்கென்றது. அவர் பானெட்டைத் திறக்கவில்லை. மூடியைத் தொடவில்லை. வாய்க்காலில் இறங்கி, எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் மேலே ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏழு வருசமா 'அங்க போ, இங்க போ'ன்னுதானுங்க சொல்லியிருக்காங்க" என்றார். "எங்கன்னு என்னைக் கேட்டது இண்ணைக்குத்தானுங்க."

 ரயிலுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஏறி உட்கார்ந்து செல்ப்பை மிதித்தார்.